சோபாவின் நிறத்துக்குப் படம் தேட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், புது வீட்டுச் சுவர்களைப் படங்களால் அழகுபடுத்துவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சோபாத் துணி, திரைச்சீலை, சுவர்ப் பூச்சு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் நிறத்தோடு ஒத்துப்போகும் படத்தையே வாங்க வேண்டும் என்பது அக்கட்டுரையின் முதல் அறிவுரை. கும்பகோணத்தில் படங்களுக்குச் சட்டம் போட்டுக் கொடுக்கும் கடையை என் தந்தைக்குப் பின் நடத்திவருபவன் என்ற முறையில், அந்த அறிவுரை தலைகீழாக இருக்கிறது என்று பணிவுடன் சொல்ல விரும்புகிறேன். சோபாத் துணி சில ஆண்டுகளில் நைந்துவிடும். சுவருக்கோ வீட்டில் அடுத்த கல்யாணம் வரும்போது வேறு நிறம் அடித்துவிடுவார்கள். படம் மட்டும் அதே ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, அந்தப் படத்தை யார், எதைக் கொண்டு செய்தார்கள் என்பதும், தினமும் பார்த்தாலும் அது நமக்கு அலுக்காமல் இருக்குமா என்பதும்தான். நிறப் பொருத்தம் அதற்கெல்லாம் பின்னால் வரவேண்டியது.

இப்போது கடைக்கு வருபவர்களில் பலர் கைப்பேசியில் ஹாலின் புகைப்படத்தை எடுத்துக்கொண்டு வந்து, "இந்தச் சுவருக்கு ஆறடிக்கு நாலடியில் ஏதாவது நீலமாக வேண்டும்" என்று கேட்கிறார்கள். நீலத்தில் என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்டால், அதைப் பற்றி அவர்கள் யோசித்ததே இல்லை என்பது முகத்திலேயே தெரிகிறது. இணையத்தில் வாங்கி வருபவர்களிடமும் இதே கதைதான். ஐந்து துண்டுகளாகப் பிரித்து அச்சிட்ட ஒரே பூ, எந்த ஊர் என்று சொல்ல முடியாத ஒரு கடற்கரை, பனி மூடிய மேல்நாட்டுத் தெரு, இவற்றோடு தவறாமல் ஓடும் ஏழு வெள்ளைக் குதிரைகள். குதிரைகள் எந்தத் திசை நோக்கி ஓட வேண்டும் என்பதற்கு வாஸ்து நிபுணர் எழுதித் தந்த சீட்டும் சில சமயம் கூடவே வரும். அந்த நம்பிக்கையோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. குதிரைதான் வேண்டும் என்றால், குதிரையை நின்று பார்த்து வரைந்த ஒருவரின் குதிரையை வாங்கலாமே என்பதுதான் என் ஆதங்கம்.

இதைச் சொல்வதால் அச்சுப் படங்களை நான் இளக்காரமாக நினைக்கிறேன் என்று கருதிவிடக் கூடாது. ரவிவர்மா 1894-இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தம் ஓவியங்களைக் கல்லச்சுப் படங்களாக வெளியிட்ட பிறகுதான், அரண்மனைச் சுவர்களில் இருந்த அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் சாதாரணக் குடும்பங்களின் வீடுகளுக்குள் வந்தார்கள். நம் பக்கத்தில் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு (1898–1976) சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர்; நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதியவர். அவரும் அவருடைய சீடர்களும் எழுதிய முருகனும் மீனாட்சியும் சிவகாசி அச்சகங்களின் வழியாகக் காலண்டர்களாகத் தமிழ்நாடு முழுவதும் பரவினார்கள். ஆண்டு முடிந்ததும் காலண்டரின் மேல் தகரப் பட்டையை உருவிவிட்டு, தேதிக் கட்டையும் கிழித்தெடுத்துவிட்டு, கடையின் விளம்பர வரி தெரியாதபடி வெட்டிச் சட்டம் போடச் சொல்லும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பக் கோட்டோவியங்களை மஞ்சளேறிய தாளோடு எடுத்துவருபவர்களும் உண்டு. இவை எல்லாம் அச்சுதான். ஆனால் அச்சு என்பதை மறைக்காத அச்சு. பூஜை அறைப் படங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அவை வழிபாட்டுக்கு உரியவை, அலங்காரக் கணக்கில் சேராதவை.

எனக்கு வருத்தம் தருவது வேறு வகை. கணினி அச்சில் கான்வாஸ் துணி மீது எடுத்த படத்தின் மேல், ஒளி ஊடுருவும் பசையைத் தூரிகையால் இழுத்துக் காயவைத்து, கையால் தீட்டிய ஓவியம் என்று விற்கிறார்கள். விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டுப்படுவதால் வாங்குபவர் நம்பிவிடுகிறார். சன்னலோரம் கொண்டுபோய்ப் படத்தைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். உண்மையான ஓவியத்தில் தூரிகை சென்ற வழியும் வண்ணம் சென்ற வழியும் ஒன்றாகவே இருக்கும். போலியில் பசையின் வரிகள் மேலும் கீழுமாக ஓட, அடியில் இருக்கும் இலையும் கிளையும் அவற்றோடு சம்பந்தமே இல்லாமல் வேறு திசையில் கிடக்கும். கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் இன்னும் எளிது. அச்சில் வண்ணம் பொடிப்பொடியான புள்ளிகளாகப் பிரிந்து தெரியும், தூரிகையின் தீற்றில் அப்படித் தெரியாது. இந்தச் சோதனையைக் கடைக்காரர் முன்னிலையிலேயே செய்யலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நகை வாங்கும்போது முத்திரையைத் தேடிப் பார்க்கத் தயங்காதவர்கள், அதற்கு ஈடான தொகை கொடுத்துப் படம் வாங்கும்போது மட்டும் கூச்சப்படுவது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

தஞ்சாவூர் ஓவியத்தில் இந்தக் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனெனில் புது வீட்டுக்குப் பரிசளிக்க வேண்டும் என்றவுடன் நம் பகுதியில் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அதுதான். மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக இரண்டாம் சரபோஜியின் காலத்தில் (1798–1832) அரசவையின் ஆதரவோடு வளர்ந்து, நம் காலத்தில் புவிசார் குறியீடும் பெற்ற கலை அது. மரப்பலகை மேல் எழுதப்படுவதால் பலகைப் படம் என்றே பெரியவர்கள் சொல்வார்கள். முன்பு பலா மரப் பலகை, இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதன் மேல் துணியை ஒட்டி, சாக் பவுடரும் பசையும் கலந்த கலவையைப் பூசிக் காயவைத்து, வழுவழுப்பாகும்வரை தேய்த்து, பிறகுதான் கோடு போடுவார்கள். நகையும் தூணும் திருவாசியும் வரும் இடங்களில் கற்களைப் பதித்து, அதே போன்ற கலவையால் மேடு எழுப்பி, அந்த மேட்டின் மேல் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, கடைசியில் வண்ணம் தீட்டுவார்கள். இவ்வளவு வேலையும் ஓரிரு நாளில் முடியக் கூடியது அல்ல. ஆகவே, பெரிய அளவுப் படம் ஒன்று சாலையோரக் கண்காட்சியில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்றால், அதில் ஒட்டியிருப்பது தங்க ரேக்காக இருக்காது, தங்க நிறத் தாளாகத்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம். அசல் ரேக் பல தலைமுறைக்கு நிறம் மாறாது. போலித் தாள் சில மழைக்காலங்களிலேயே ஓரங்களில் கருக்கத் தொடங்கும். முகத்தையும் கவனிக்க வேண்டும். நகைக்குச் செலவழித்த உழைப்பைக் கண்ணுக்குச் செலவழிக்காமல், பலகைக்குப் பலகை ஒரே அச்சில் வார்த்தது போலக் கிருஷ்ணனின் முகம் இருந்தால், பிரதி எடுத்த கோட்டின் மேல் அவசரமாகத் தீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். நல்ல கலைஞர்கள் தஞ்சையிலும் கும்பகோணத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுடைய பட்டறைக்கே போய், பாதி முடிந்த பலகையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுத்து வாங்குவதே என் யோசனை.

பழைய மரபுகள் மட்டுமே கலை என்ற எண்ணமும் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. ஆனால் நவீன ஓவியத்துக்கும் இங்கே வேர் உண்டு. சென்னையில் 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி. மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த ராய் சௌத்ரி அங்கே முதல்வராக இருந்தவர். அவர் வழியில் வந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், தம்மோடு இருந்த ஓவியர்களையும் சிற்பிகளையும் திரட்டி 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமத்தை அமைத்தார். ஓவியத்தை வாங்க ஆள் இல்லாத அந்நாட்களில், மெழுகு பூசிச் சாயம் ஏற்றும் பாத்திக் துணிகளையும் வேறு கைவினைப் பொருள்களையும் செய்து விற்று அந்த வருமானத்தில் அவர்கள் ஓவியம் வரைந்தார்கள். அதாவது, நம் வீடுகளுக்குள் அவர்களுடைய பாத்திக் துணி நுழைந்தது, ஓவியம் நுழையவில்லை. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. ஊர்க்காரர்களில் எத்தனை பேர் அதன் வாசலைத் தாண்டி உள்ளே போயிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால் மனம் கனக்கிறது.

பணம் அதிகமாகும் என்பது பலரும் சொல்லும் காரணம். பெயர் பெற்ற ஓவியரின் எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு அது உண்மைதான். ஆனால் மாணவர்களும் இளம் ஓவியர்களும் செய்யும் எட்சிங் (உலோகத் தகட்டில் அமிலத்தால் அரித்த கோடுகளின் அச்சு), லினோகட் (லினோலியத்தில் செதுக்கிய அச்சு), மரச் செதுக்கு அச்சு போன்றவை நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கின்றன. ஓவியரே தகட்டிலோ கட்டையிலோ படத்தை உருவாக்கி, மை தடவி, ஒவ்வொரு தாளாக அழுத்தி எடுப்பது இது. கீழே பென்சிலில் 4/20 என்று எழுதியிருந்தால், மொத்தம் எடுத்த இருபது பிரதிகளில் இது நான்காவது என்று பொருள், பக்கத்திலேயே அவருடைய கையொப்பமும் இருக்கும். ஒரு நல்ல மிக்ஸி வாங்கும் பணத்துக்குள் இப்படி ஒன்றை வாங்கிவிடலாம். கோட்டோவியங்களும் அப்படியே. காந்தி நூற்றாண்டின்போது காந்தியைக் கருப்பு மைக்கோடுகளால் வரைந்து குவித்த ஆதிமூலம் நம் திருச்சிப் பக்கத்துக்காரர். அவருக்குப் பின் வந்த பலர் அந்தக் கோட்டின் வலிமையைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். நிறப் பொருத்தம் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்களுக்கும் கருப்பு மையைத்தான் சிபாரிசு செய்வேன், அது எந்த சோபாவோடும் சண்டை போடாது.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முறை ஒன்றுதான். பிடித்த படத்தை உடனே ஆணி அடித்து மாட்டாமல், விற்பவரிடம் பேசி ஒரு வாரத்துக்கு வீட்டுக்கு எடுத்துப்போய், மேசை மேலோ அலமாரி மேலோ சுவரோடு சாய்த்து வையுங்கள். தெரிந்த ஓவியர்களும் சிறிய கடைக்காரர்களும் பெரும்பாலும் இதற்கு மறுக்க மாட்டார்கள். காலை வெளிச்சத்திலும் இரவு விளக்கிலும் அது எப்படி இருக்கிறது என்று பாருங்கள். நான்காம் நாள் அதன் பக்கம் கண்ணே போகவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வீட்டில் இருக்கும் எல்லாரையும் கேளுங்கள், முக்கியமாக அந்த அறையில் அதிக நேரம் இருப்பவர்களை. என் வாடிக்கையாளர் ஒருவர், படுக்கையில் இருந்த தம் தாயாரின் அறையில், கட்டிலுக்கு நேர் எதிரே, பனியில் நிற்கும் இலையுதிர்ந்த மரத்தின் பெரிய அச்சுப் படத்தை மாட்டியிருந்தார். திரைச்சீலையின் சாம்பல் நிறத்துக்கு அது மிகவும் பொருத்தம். "பட்ட மரத்தை எதுக்குடா என் எதிர்ல மாட்டி வெச்சிருக்கே" என்று அந்த அம்மாள் தினமும் கேட்டிருக்கிறார். கடைசியில் அதைக் கழற்றிவிட்டு, கல்லூரி மாணவர் ஒருவர் வரைந்த காவிரிப் படித்துறையின் நீர்வண்ண ஓவியம் ஒன்றை என்னிடம் சட்டம் போட்டு எடுத்துப்போனார். அது சக்கரப் படித்துறையா பகவத் படித்துறையா என்று தாய்க்கும் மகனுக்கும் வாக்குவாதம் நடந்துகொண்டிருப்பதாகப் பிறகு சொன்னார். ஒரு படத்திடம் இதைவிட அதிகமாக நான் எதிர்பார்ப்பதில்லை.

மாட்டுவதைப் பற்றியும் கட்டுரையில் சரியாகச் சொல்லப்படவில்லை. பழைய வீடுகளில் நிலைப்படிக்கு மேலே உயரத்தில் வரிசையாக ஆணி அடித்து, பின்னால் கயிறு கட்டி, முன்பக்கமாகச் சாய்த்துத் தொங்கவிடுவார்கள். தரையில் பாய் விரித்து உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும் வீட்டுக்கு அந்தச் சாய்வு தேவைப்பட்டது. இப்போதைய தாழ்ந்த கூரை அடுக்ககங்களிலும் பழக்கதோஷத்தில் கூரையை ஒட்டியே மாட்டுகிறார்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு நேராக இருக்கும். உட்கார்ந்தே பார்க்கும் அறையில் இன்னும் சற்று இறக்கலாம். சோபாவுக்கு மேல் மாட்டுவதானால் அதன் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்பது பொதுவான கணக்கு, ஆனால் பெரிய சுவரில் தனியாக ஒரு சின்னப் படம் இருப்பதும் தவறில்லை. சுவர் முழுவதையும் நிரப்பியாக வேண்டும் என்ற கட்டாயம்தான் பலரை விருப்பமில்லாத படங்களை வாங்க வைக்கிறது.

நம் ஊர் வெயிலையும் ஈரத்தையும் அந்தக் கட்டுரை கணக்கிலேயே எடுக்கவில்லை. மேற்கு சன்னலின் வெயில் நேராக விழும் சுவரில் நீர்வண்ண ஓவியத்தை மாட்டினால் முதலில் சிவப்பும் மஞ்சளும் வெளிறும். மழைச்சாரல் வாங்கும் வெளிச்சுவரின் உட்பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் ஓதம் ஏறி நிற்கும், அங்கே மாட்டிய படத்தின் பின்னட்டை உப்பி, தாளில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சை படரும். வேறு வழியில்லாமல் அங்கேதான் மாட்ட வேண்டும் என்றால், சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் சிறிய கார்க் துண்டுகளை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போக வழி கிடைக்கும். சட்டத்தின் கண்ணாடி, ஓவியத்தின் மேல் படியாதபடி இடையில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள், அதுவும் அமிலம் இல்லாத அட்டையாக இருக்கட்டும். தஞ்சாவூர்ப் பலகையானால் எழும்பிய வேலையைக் கண்ணாடி தொடாதபடி சட்டத்தில் ஆழம் வேண்டும். ஈரத்துணியால் அதைத் துடைக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது லேமினேஷன். கண்ணாடி உடையும், எடை அதிகம், விலையும் கூடுதல் என்று சொல்லி, அசல் ஓவியத்தையும் தாத்தா காலத்துப் புகைப்படத்தையும் பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் படலத்தைச் சூட்டில் அழுத்திக் கொடுத்துவிடுகிறார்கள். ஒட்டிய பிறகு அதைப் பிரித்தெடுக்க முயன்றால் தாளும் வண்ணமும் சேர்ந்தே கிழிந்து வரும். பலகை ஓதத்தில் ஊறினால் படமும் கூடவே போகும். லேமினேஷன் வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு வியாபார ஆதாயம் இருப்பதாக யாரேனும் நினைக்கலாம். உண்மையில் லேமினேஷன் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்குத்தான் வேலை விரைவாக முடிந்து வருமானமும் அதிகம். காலண்டர் படத்துக்கோ பள்ளிக் குழுப் புகைப்படத்தின் பிரதிக்கோ அதைச் செய்துகொள்ளுங்கள். ஒரே ஒரு பிரதியாக உள்ள எதற்கும் வேண்டாம்.

தங்கள் நாளிதழின் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். ஓவியம் விற்பவர் எவராக இருந்தாலும், வரைந்தவர் பெயர், பயன்படுத்திய பொருள், கையால் செய்ததா அச்சா என்ற விவரம் ஆகிய மூன்றையும் ரசீதிலேயே எழுதித் தர வேண்டும். வாங்குபவர்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கையால் செய்தது என்று எழுதிக் கையொப்பமிடச் சொன்னாலே பாதிப் போலிகளின் விலை மேசையிலேயே இறங்கிவிடும் என்பது என் அனுபவம். இரண்டாவது வேண்டுகோள் தங்களுக்கே. சென்னை, கும்பகோணம் கவின் கலைக் கல்லூரிகளின் மாணவர் கண்காட்சிகள், கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியில் நடக்கும் கண்காட்சிகள் ஆகியவை தொடங்கும் நாள், இடம், நேரத்தை "இன்றைய நிகழ்ச்சிகள்" பகுதியில் முன்கூட்டியே வெளியிடுங்கள். முடிந்த பிறகு, விருந்தினர் குத்துவிளக்கு ஏற்றும் புகைப்படத்தோடு வரும் செய்தியால் ஓவியத்தை வாங்க நினைப்பவருக்கு எந்தப் பயனும் இல்லை.

இப்படிக்கு,
படச்சட்டக் கடை நடத்தும் வாசகர்,
கும்பகோணம்.